திக்கிய நாவும் தளராத நெஞ்சும்

தமக்குப் பேச்சுத் திறமை இல்லையென்று தயங்கிய மோசேயையே பார்வோனிடம் அனுப்பினார் இறைவன். இதை மறைக்கல்வி வகுப்பில் நாம் படித்திருக்கிறோம். அவரைப் போலவே பேசத் தயங்கிய ஒருவர், பேசியே தீரவேண்டிய அரியணையில் அமர நேர்ந்தது. அவர்தாம் இங்கிலாந்து மன்னர் ஆறாம் ஜார்ஜ்.

பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னராக முடிசூடியவரின் இரண்டாம் மகனாக, 1895 டிசம்பர் 14-ஆம் நாள் அவர் பிறந்தார். இட்ட பெயர் ஆல்பர்ட். எட்டு வயதளவில் திக்கல் தொடங்கியது. இடக்கைப் பழக்கமுள்ள அவரை வலக்கையால் எழுத வைத்தனர். கால்களை நேராக்கச் சிம்பு வைத்துக் கட்டினர். சொல் வராமல் தவிக்கும்போது தந்தையார் பொறுமையிழந்து அதட்டுவாராம். அதட்டினால் திக்கல் மிகுமேயன்றிக் குறையுமா?

அவர் கோழையல்லர். முதல் உலகப் போரில், 1916-இல் நடந்த ஜட்லாந்து கடற்போரில் பங்கேற்றவர். பீரங்கி முழக்கத்துக்கு அஞ்சாத அவரை ஒலிபெருக்கி அஞ்ச வைத்தது. 1925 அக்டோபர் 31 அன்று வெம்பிளி கண்காட்சியின் நிறைவு விழாவில் பெருங்கூட்டத்தின் முன் அவர் பேச நேர்ந்தது. சொற்கள் தடைப்பட்டு நின்றன. பேசியவருக்கும் கேட்டவர்களுக்கும் அது பெரும் வேதனையாயிற்று.

மருத்துவர் பலரிடம் சென்றும் பயனில்லை. ஆயினும், 1926-இல் துணைவியார் எலிசபெத்தின் ஊக்கத்தால் லயனல் லோக் என்பவரை நாடினார். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த லோக் மருத்துவப் பட்டம் பெற்றவரல்லர். பேச்சுப் பயிற்சி அளிப்பவர். ஆழ்ந்து மூச்சுவிடக் கற்பித்தார். உரையில் எங்கே நிறுத்துவது என்று கோடிட்டுக் காட்டினார். கடினமான சொற்களை நீக்கி எளியவற்றை வைத்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, பொறுமையோடு காத்திருந்தார். அடுத்த ஆண்டே, 1927 மே 9 அன்று, கான்பராவில் நாடாளுமன்றக் கட்டடத்தைத் திறந்து வைத்து அவர் நன்றாகப் பேசினார்.

1936 டிசம்பரில் அண்ணன் எட்டாம் எட்வர்டு முடி துறக்க, எதிர்பாராத பாரம் தம்பியின் தலையில் விழுந்தது. 1939 செப்டம்பர் 3 அன்று இங்கிலாந்து இரண்டாம் உலகப் போரில் இறங்கியது. அன்று மாலை மன்னர் வானொலியில் மக்களோடு பேசினார். அவருடன் அறையில் இருந்தவர் லோக். நிறுத்தி நிறுத்தி வந்த அக்குரலே கலங்கிய மக்களுக்குத் தைரியம் தந்தது. 1940-இல் அரண்மனைமீது குண்டு விழுந்தபோதும் அவர் இலண்டனைக் கைவிட்டு அகலவில்லை.

திக்கல் அவரை முழுதும் விட்டு நீங்கவில்லை. நோயுற்றிருந்த 1951-இல் கூட, கிறிஸ்துமஸ் செய்தியைச் சிறிது சிறிதாகப் பதிவு செய்து கொடுத்தார். 1952 பிப்ரவரி 6 அன்று, 56-ஆம் வயதில் மறைந்தார்.

இவர் நம் நாட்டையும் ஆண்டவர். பழைய ரூபாய் நாணயங்களில் இவர் தலையைக் காணலாம். இவர் காலத்திலேதான், 1947-இல், நாம் விடுதலை பெற்றோம். அந்நிய ஆட்சியை நாம் போற்றவில்லை. ஒரு மனிதரின் விடாமுயற்சியையே போற்றுகிறோம்.

அன்புத் தோழியரே! திக்கல் அறிவுக் குறைவால் வருவதன்று. மூளை பேச்சை இயக்கும் விதமும் குடும்ப மரபும் அதற்குக் காரணமாகின்றன என்று இன்றைய மருத்துவம் கூறுகிறது. அக்டோபர் 22-ஆம் நாள் உலகெங்கும் திக்கல் விழிப்புணர்வு நாளாக நினைக்கப்படுகிறது. நம் வகுப்பில் ஒருத்தி பாடம் வாசிக்க எழுந்து சொல்லில் தடுமாறினால் நாம் என்ன செய்கிறோம்? சிரிப்பது கொடுமை. அவள் சொல்லவந்ததை நாமே முந்திக்கொண்டு முடிப்பதும் உதவியன்று. அவள் முகத்தைப் பார்த்து, அவள் முடிக்கும்வரை காத்திருப்போம். மன்னருக்கு வாய்த்த லோக்கைப் போல ஒருவர் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. ஆனால் பொறுமையாகக் கேட்கும் தோழியாக நாம் ஒவ்வொருவரும் இருக்கலாம்.