குழாய்த் தண்ணீரை நம்பலாமா? எண்ணிப் பார்க்கச் சொன்ன ராபர்ட் கோக்!

கீழப்பாவூரில் தெருக்குழாயைத் திறந்தால் தண்ணீர் தெளிவாகத்தான் தெரியும். ஆனால் அது பாதுகாப்பானதா? கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, சோதித்துத்தான் சொல்லணும் என்று காட்டியவர் ராபர்ட் கோக்.

யார் இவர்?

1843-ல் ஜெர்மனியில் பிறந்தவர். சிறு ஊர் டாக்டராக இருந்தபடியே வீட்டில் கிருமி ஆய்வு செய்தார். 1882-ல் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்து உலகப் புகழ் பெற்றார்.

கொல்கத்தா குளம்

காலராவை ஆராய 1883 டிசம்பரில் கொல்கத்தா வந்தார். அங்கே ஒரு குளம். குளிக்க, துவைக்க, குடிக்க எல்லாத்துக்கும் அதுதான். கரையில் இருந்தவர்களுக்குக் காலரா. குளத்து நீரிலேயே கிருமி சிக்கியது.

ஒரே ஆறு, இரண்டு ஊர்

1892-ல் ஹாம்பர்க்கில் காலராவுக்கு 8,000 பேருக்கு மேல் பலி. ஒட்டியிருந்த அல்டோனா பெருமளவு தப்பியது. இத்தனைக்கும் ஹாம்பர்க்கின் கழிவு கலந்த எல்பே ஆற்று நீரைத்தான் அல்டோனா எடுத்தது! ஆனால் மணலில் வடிகட்டிக் கொடுத்தது. ஹாம்பர்க் அப்படியே விட்டது.

அந்தக் குளிர்காலத்திலேயே அல்டோனாவிலும் காலரா. காரணம், பனியில் உறைந்து பழுதான ஒரே ஒரு வடிகட்டி.

அதனால் கோக் சொன்ன விதி: ஒவ்வொரு வடிகட்டியின் நீரையும் தினமும் தனித்தனியே சோதிக்கணும். ஒரு மில்லிலிட்டரில் பாக்டீரியா 100-ஐத் தாண்டினால் விநியோகிக்கக் கூடாது.

1905-ல் நோபல் பரிசு. 1910-ல் மறைந்தார்.

இன்று?

குளோரின் கலந்த நீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்கணும் என்கிறது இந்தியத் தரநிலை. மேல்நிலைத் தொட்டியில் மட்டும் பார்த்தால் போதாது. கடைசி வீட்டுக் குழாயிலும் பார்க்கணும்.