கைகளால் கற்ற கல்வி

நுழையும்முன்
பழுதுபார்த்தல் கைகளின் வேலை மட்டுமன்று. காரணம் தேடும் அறிவின் வேலையுமாகும். தொழிற்கல்வி எவ்வாறு அமைய வேண்டும் என்பதில் கொண்ட உறுதிக்காகத் தம் பதவியையே துறந்தவர் ஜி.டி. நாயுடு.

கோபால்சாமி துரைசாமி நாயுடு, கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் 1893ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள் பிறந்தார். பள்ளிப் படிப்பில் அவர் மனம் ஊன்றவில்லை. தொடக்கக் கல்வியோடு பள்ளியை விட்டு விலகினார். இளமையில், ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளைக் கண்டார். மாடும் குதிரையும் இன்றி விரைந்த அவ்வண்டி அவர் சிந்தையைக் கவர்ந்தது. அத்தகைய வண்டியொன்றை வாங்க விரும்பிக் கோயம்புத்தூருக்குச் சென்று, உணவு விடுதியில் பரிமாறும் பணியை மேற்கொண்டார். சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் தம் விருப்பத்தை நிறைவேற்றிக்கொண்டார்.

வாங்கிய வண்டியை ஓட்டி மகிழ்வதோடு அவர் அமையவில்லை. அதன் உறுப்புகளைக் கழற்றினார், மீண்டும் பூட்டினார். பெட்ரோலும் காற்றும் கலந்து உருளைக்குள் புகுகின்றன. தீப்பொறி அக்கலவையை எரிக்கிறது. அவ்விசையால் உந்துதண்டு இயங்குகிறது. எரிபொருள், காற்று, தீப்பொறி ஆகியவற்றுள் எது தடைப்பட்டாலும் இயந்திரம் நின்றுவிடும். தடை நேர்ந்த இடத்தைக் கண்டறிவதே பழுதுபார்ப்பவரின் முதற்பணி. கழற்றியும் பூட்டியும் இத்தொழிலைப் பழகிய நாயுடு, வண்டிகளைப் பழுதுபார்க்கும் வல்லுநரானார்.

1920இல் பேருந்து ஒன்றை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அம்முயற்சி யூனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்னும் பெரிய போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது. 1937இல் பாலசுந்தரம் நாயுடுவுடன் இணைந்து மின்மோட்டாரை உள்நாட்டிலேயே உருவாக்கினார்.

தாம் பெற்ற தொழிலறிவு இளைஞர் பலருக்கும் வாய்க்க வேண்டும் என்று விழைந்தார். அவரது கொடையால், சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப்பின் பெயரில் பல்தொழில் பயிலகமும் பொறியியல் கல்லூரியும் கோயம்புத்தூரில் தோன்றின. கல்லூரியின் முதல்வராகவும் பொறுப்பேற்றார். நான்காண்டுப் படிப்பு மாணவரின் காலத்தை வீணாக்குகிறது, இரண்டாண்டுகளே போதும் என்பது அவர் கருத்து. அரசு அதனை ஏற்கவில்லை. பட்டத்துக்கு நீண்ட படிப்பு தேவை என்பது ஒரு பக்கம். விரைவில் தொழில் கற்றுப் பொருளீட்ட வேண்டிய இளைஞரின் நிலை மறுபக்கம். நாயுடு தம் கொள்கையைத் தளர்த்தாமல் பதவியிலிருந்து விலகினார்.

1974ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் அவர் மறைந்தார். அவர் வித்திட்ட கல்லூரி, அரசு தொழில்நுட்பக் கல்லூரியாக இன்றும் கோயம்புத்தூரில் இயங்கி வருகிறது. படிப்பின் கால அளவு பற்றி அவர் எழுப்பிய வினா, தொழிற்கல்வியை நாடும் ஒவ்வொரு மாணவரும் எண்ணிப் பார்க்கத் தக்கது.