ருடால்ஃப் டீசல்: பங்க் போர்டுல பேர் இருக்கு, ஆளைத் தெரியுமா? மைலேஜ் கணக்கில் முதலில் சிக்கியவரின் கதை

திருச்சி - கரூர் சாலையில், காவிரிக் கரையை ஒட்டி இருக்கிறது ஜீயபுரம். சுற்றிலும் வாழைத் தோட்டங்கள். வெட்டிய தாரை ஏற்றிக்கொண்டு சந்தைக்கு ஓடும் வண்டிகளில் டர்போ டீசல் பிக்கப்களுக்கு முக்கிய இடம் உண்டு. அந்த வண்டிகளை வைத்திருப்பவர்களிடம் ஒரு கேள்வி எப்போதும் இருக்கும். வாங்கும்போது ஒரு மைலேஜ் சொல்றாங்க, லோடு ஏத்தினா ஏன் அது வர்றதில்லை?

இந்தக் கேள்விக்கு வயது 125-க்கும் மேல். இதில் முதலில் சிக்கியவர், பங்க் போர்டில் தினமும் நாம் பார்க்கும் பெயருக்குச் சொந்தக்காரரான ருடால்ஃப் டீசல். ஆய்வுக்கூடத்தில் ஜெயித்த அவருடைய இன்ஜின், வாடிக்கையாளர் கைக்குப் போனதும் தடுமாறியது. அந்த இடைவெளி அவருடைய வாழ்க்கையையே புரட்டிப் போட்டது.

யார் இந்த ருடால்ஃப் டீசல்?

1858 மார்ச் 18-ல் பாரிஸில் பிறந்தவர். பெற்றோர் ஜெர்மனியின் பவேரியா பகுதியைச் சேர்ந்தவர்கள். அப்பா தோல் பொருட்கள் செய்யும் கைவினைஞர். 1870-ல் பிரான்ஸுக்கும் ஜெர்மனிக்கும் போர் மூண்டதால், ஜெர்மானியர்களான இவர்கள் பாரிஸை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. குடும்பம் லண்டனுக்குப் போனது. அங்கே கஷ்டம் தாங்காமல், 12 வயது ருடால்ஃபை மட்டும் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் இருந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பி வைத்தார்கள்.

படிப்பில் பையன் கெட்டி. மியூனிக் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்து, குளிர்சாதனத் துறையின் முன்னோடியான கார்ல் வான் லிண்டேவிடம் பாடம் கற்றார். 1879-ல் டைஃபாய்டு வந்ததால் இறுதித் தேர்வை எழுத முடியவில்லை. அடுத்த ஆண்டு தேர்வெழுதி, சிறப்பான மதிப்பெண்களோடு வெளியே வந்தார்.

லிண்டேவின் வகுப்பில் கேட்ட ஒரு விஷயம் அவர் மனதில் அப்படியே தங்கிவிட்டது. அந்தக் காலத்து நீராவி இன்ஜின், எரிக்கும் நிலக்கரியின் சக்தியில் சுமார் 10 சதவீதத்தைக் கூட வேலையாக மாற்றவில்லை. மீதி எல்லாம் வெப்பமாக வீணானது. இதைக் குறைத்தே ஆக வேண்டும் என்பது அவருடைய வாழ்நாள் லட்சியமானது. இன்றைய பாஷையில் சொன்னால், அவர் தேடியது மைலேஜ்.

ஸ்பார்க் இல்லாமல் எப்படி எரியுது?

சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சூடாவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றை அழுத்தினால் சூடாகும். ருடால்ஃபின் யோசனையின் அடிப்படை இதுதான். சிலிண்டருக்குள் காற்றை மிகக் கடுமையாக அழுத்தினால், எரிபொருள் தானாகவே பற்றிக்கொள்ளும் அளவுக்கு அது சூடேறும். அதில் எரிபொருளைத் தெளித்தால் போதும், ஸ்பார்க் பிளக் தேவையில்லை. அழுத்தம் கூடக் கூட, அதே எரிபொருளில் கிடைக்கும் வேலையும் கூடும்.

1893 பிப்ரவரியில் இதற்கு ஜெர்மன் காப்புரிமை கிடைத்தது. அந்த ஆண்டே ஒரு புத்தகமும் எழுதினார். காகிதக் கணக்கில் அவர் எதிர்பார்த்த திறன் 70 சதவீதத்துக்கும் மேல்.

உலோகம் அந்தக் கணக்குக்கு ஒத்துழைக்கவில்லை. 1893 ஆகஸ்டில் ஆக்ஸ்பர்க் இயந்திரத் தொழிற்சாலையில் நடந்த முதல் சோதனையில், இன்ஜினில் பொருத்தியிருந்த அழுத்தம் அளக்கும் கருவி வெடித்தது. 1894 பிப்ரவரியில்தான் முதன்முறையாகச் சொந்த சக்தியில், அதுவும் சுமார் ஒரு நிமிடம் ஓடியது. அடுத்த 3 ஆண்டுகள் அதே வேலைதான். கழற்றுவது, மாற்றுவது, மறுபடி ஓட்டிப் பார்ப்பது.

26.2 சதவீதம்: உலகமே திரும்பிப் பார்த்த நாள்

1897 பிப்ரவரி 17. பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் முன்னிலையில் அதிகாரப்பூர்வ சோதனை நடந்தது. இன்ஜின் சுமார் 20 குதிரைத்திறன். கிடைத்த திறன் 26.2 சதவீதம். காகிதத்தில் எழுதியதற்குப் பக்கத்தில் கூட இது வரவில்லைதான். ஆனால் நீராவி இன்ஜினோடு ஒப்பிட்டால் இரண்டு மடங்குக்கும் மேல்.

பணம் கொட்டியது. அமெரிக்க உரிமையை மட்டும் மது ஆலை அதிபர் அடால்ஃபஸ் புஷ் 10 லட்சம் மார்க் கொடுத்து வாங்கினார். 40 வயதை எட்டும் முன்பே ருடால்ஃப் கோடீஸ்வரர் ஆகிவிட்டார்.

அப்புறம் என்ன ஆச்சு?

இங்கதான் பிரச்சினை ஆரம்பம். சோதனைக் கூடத்தில் இன்ஜினைச் சுற்றி நின்றவர்கள் அதைப் பெற்று வளர்த்த பொறியாளர்கள். ஒவ்வொரு வால்வின் குணமும் அவர்களுக்கு அத்துப்படி. 1898-ல் கெம்ப்டன் ஊரின் தீப்பெட்டி ஆலைக்குப் போன இன்ஜினை ஓட்டியவர்கள் அப்படி இல்லை. வால்வு கசிந்தது, எரிபொருளைத் தெளிக்கும் பாகம் அடைத்தது, காற்று அழுத்தும் கருவி மக்கர் பண்ணியது. மற்ற இடங்களிலிருந்தும் புகார்கள் குவிந்தன. ஆக்ஸ்பர்கில் இதற்கென்றே தொடங்கிய தனித் தொழிற்சாலை சில ஆண்டுகளிலேயே உற்பத்தியை நிறுத்தியது.

இத்தனைக்கும் 26.2 என்ற எண் பொய் இல்லை. அது ஒரு குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட சூழலில், கைதேர்ந்தவர்கள் ஓட்டியபோது வந்த எண். வாங்கியவர்கள் அதை எல்லா நாளுக்குமான எண்ணாக எடுத்துக்கொண்டார்கள். காப்புரிமை வழக்குகளும் சேர்ந்துகொள்ள, 1898 இறுதியில் ருடால்ஃப் மனதளவில் உடைந்து மருத்துவ இல்லத்தில் சேர்ந்தார்.

இன்ஜின் மெதுவாக மீண்டது. 1900 பாரிஸ் கண்காட்சியில் உயரிய பரிசு பெற்றது. அங்கே ஒரு சிறிய டீசல் இன்ஜின் கடலை எண்ணெயிலேயே ஓடிக் காட்டியது. 1912-ல் டீசலில் ஓடும் டென்மார்க் கப்பல் செலாண்டியா பாங்காக் வரை கடல் கடந்தது. ஆனால் இன்ஜின் மேலேறிய அதே வேளையில், அதைக் கண்டுபிடித்தவரின் பணம் தவறான நில முதலீடுகளில் கரைந்துகொண்டிருந்தது.

அந்தக் கடைசி இரவு

1913 செப்டம்பர் 29 மாலை, பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் இங்கிலாந்து செல்லும் டிரெஸ்டன் கப்பலில் ஏறினார். இரவு உணவை முடித்துவிட்டு, காலை 6.15 மணிக்கு எழுப்பச் சொல்லி அறைக்குப் போனார். காலையில் அறையில் ஆள் இல்லை. படுக்கை கலையவில்லை. தொப்பியும் மேலங்கியும் கப்பல் தளத்தில் கிடந்தன. சில நாள் கழித்து, டச்சுப் படகு ஒன்று கடலில் ஒரு உடலைக் கண்டது. அதிலிருந்து எடுத்த பொருட்களைப் பார்த்து, அவை அப்பாவுடையதுதான் என்று மகன் உறுதி செய்தார். அவருக்கு வயது 55.

கடன் சுமையில் எடுத்த முடிவா, விபத்தா, கொலையா? இன்று வரை தீராத விவாதம் இது.

லாரிக்கு எப்போ வந்தது? டர்போ யாருடையது?

தன் இன்ஜினில் ஒரு லாரி ஊர் ஊராகச் சரக்கு ஏற்றி ஓடுவதை அவர் பார்க்கவே இல்லை. எரிபொருளைத் தெளிக்கப் பெரிய காற்று அழுத்தக் கருவி தேவைப்பட்டதால், அந்தக் கால டீசல் இன்ஜின் வண்டிக்குப் பொருந்தாத கனம். ருடால்ஃபின் இன்ஜின் உருவான அதே ஆக்ஸ்பர்க் தொழிற்சாலையின் வாரிசான எம்.ஏ.என். நிறுவனமும், பென்ஸ் நிறுவனமும் 1923-24-ல் டீசல் லாரிகளைக் கொண்டுவந்தன. 1927-ல் பாஷ் நிறுவனம் எரிபொருள் பம்பைப் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கியதும் பாதை திறந்தது.

டர்போ, சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரைச் சேர்ந்த ஆல்ஃபிரட் பூச்சியின் யோசனை. அதே ஊரில் இருந்த சுல்சர் தொழிற்சாலையில்தான் இளம் வயதில் ருடால்ஃபும் தொழில் பழகினார். எரிபொருள் வெப்பத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு புகையோடு வெளியே போய்விடுகிறது. அந்தப் புகையாலேயே ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதன் மூலம் அதிகக் காற்றை இன்ஜினுக்குள் தள்ளலாம் என்று பூச்சி 1905-ல் காப்புரிமை வாங்கினார். அது உருப்படியாக வேலை செய்ய 1925 வரை ஆனது.

சரி, டர்போ பிக்கப்பில் மைலேஜ் ஏன் இறங்குது?

டர்போ சும்மா மைலேஜ் தருவதில்லை. சிறிய இன்ஜினைப் பெரிய இன்ஜின் வேலை செய்ய வைக்கிறது. காலை லேசா வச்சா சின்ன இன்ஜின் செலவு, அழுத்தினா பெரிய இன்ஜின் செலவு. உள்ளே போகும் காற்று கூடும்போது, அதற்கேற்ற டீசலும் கூடவே போகிறது. இதனால் டர்போ வண்டியில் சோதனை மைலேஜுக்கும் சாலை மைலேஜுக்கும் இடைவெளி பெரிதாகத் தெரியும்.

சோதனையில் வண்டியை உருளைகள் மேல் நிறுத்தி, வரையறுத்த வேக அட்டவணைப்படி ஓட்டுவார்கள். சாலையில் நடப்பது வேறு:

எடை: காலி பிக்கப் ஒன்றரை டன்னுக்குச் சற்று மேல் இருக்கும். அதே அளவு வாழைத்தார் ஏற்றினால், ஒவ்வொரு முறை பிரேக் போட்டுக் கிளம்பும்போதும் சுமார் இரண்டு மடங்கு சக்தி வேண்டும்.

வேகம்: 60 கி.மீ. வேகம் 80 ஆனால் காற்றின் எதிர்ப்பு சுமார் 78 சதவீதம் கூடும். கேபினைத் தாண்டி உயர அடுக்கிய தார் அதை இன்னும் கூட்டும்.

கியர்: பெரும்பாலான பிக்கப் டீசல் இன்ஜின்களின் இழுவை சுமார் 1,500 முதல் 2,500 ஆர்.பி.எம். வரை நன்றாக இருக்கும். அதற்குமேல் கத்த விட்டு ஓட்டினால் டீசல்தான் போகும்.

பராமரிப்பு: தூசி அடைத்த ஏர் ஃபில்டர், டர்போ ஹோஸில் கசிவு, காற்று இறங்கிய டயர் மூன்றுமே மைலேஜைத் தின்னும்.

இதில் பணம் எவ்வளவு? உதாரணத்துக்கு ஒரு வண்டி தினமும் 150 கி.மீ. ஓடுகிறது, டீசல் லிட்டர் 92 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 14 கிடைக்கும் என்று நம்பிய இடத்தில் 11 கிடைத்தால், நாளுக்குக் கிட்டத்தட்ட 3 லிட்டர், அதாவது சுமார் 270 ரூபாய் கூடுதல் செலவு. மாதம் 25 நாள் ஓட்டினால் 6,700 ரூபாயைத் தாண்டும். சொன்ன மைலேஜை நம்பி வாடகை பேசினால், இந்தத் தொகை உரிமையாளரின் பையிலிருந்துதான் போகும்.

சொந்த மைலேஜைக் கண்டுபிடிப்பது எப்படி?

டேங்கை முழுசா நிரப்பி, ஓடிய கி.மீ. அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். சில நாள் ஓட்டிவிட்டு, அதே பங்கில் மறுபடி முழுசா நிரப்புங்கள். ஓடிய தூரத்தை இரண்டாம் முறை போட்ட லிட்டரால் வகுத்தால் வருவதுதான் உங்கள் வண்டியின் மைலேஜ். லோடு ஓட்டத்துக்கும் காலி ஓட்டத்துக்கும் தனித்தனியாகக் கணக்கு வைத்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். வாடகை பேச வேண்டியது இந்த எண்ணை வைத்துத்தான்.

ருடால்ஃபின் ஆசைகளில் ஒன்று, பெரிய ஆலைகளின் நீராவி இயந்திரத்தோடு போட்டி போட, சிறு கைவினைஞருக்கும் மலிவான சக்தி கிடைக்க வேண்டும் என்பது. ஒற்றை வண்டியை வைத்துக் குடும்பம் நடத்துபவரிடம் அந்த இன்ஜின் இன்று வந்து சேர்ந்திருக்கிறது. அவர் காட்டிய 26.2 சதவீதம் இன்று பெரிய கப்பல் இன்ஜின்களில் 50 சதவீதத்தைத் தொட்டிருக்கிறது. அதில் ஒரு பெரும் பங்கு, வேலை நடக்கும் இடத்தில் வந்த கோளாறுகளை ஒவ்வொன்றாகச் சரிசெய்ததால் வந்தது.