கண்ணாடிச் சிலையும் முதுபெருங் கலைஞரும்

ஒளிப்படக் கலையை வெறும் இயந்திரத் தொழிலென எண்ணுவோர், அந்திரே கேர்ட்டேசின் வாழ்க்கையை, சிறப்பாக அவரது இறுதிக் காலத்தை, அறிந்திருத்தல் நன்று.

1894ஆம் ஆண்டு யூலை 2ஆம் நாள் ஹங்கேரி நாட்டுப் புடாபெஸ்ட் நகரிற் பிறந்தவர் கேர்ட்டேஸ். பங்குச் சந்தையிற் பணியாற்றிக்கொண்டே கமெராவைப் பயின்றார். முதலாம் உலகப் போருக்குச் சென்றபோதும் அது அவருடன் சென்றது. நீருக்கடியில் நீந்தும் மனிதனின் உடல் அலைகளில் நெளிந்து தோன்றும் கோலத்தை 1917இற் படமாக்கினார். 1925இற் பரிஸ் சேர்ந்தார். 1933இல் வளைந்த ஆடிகளிலே மனித உருவம் உருமாறும் விந்தையைத் தொடர் படங்களாக்கினார்; அதே ஆண்டில் எலிசபெத்தை மணந்தார்.

1936இல் இருவரும் நியூயோர்க் சென்றனர். சில காலம் தங்கித் திரும்பும் எண்ணம் கைகூடவில்லை, போர் குறுக்கிட்டது. அமெரிக்கச் சஞ்சிகைகள் அவர் கலையை உணரவில்லை. 1962 வரை வீட்டு அலங்காரச் சஞ்சிகையொன்றுக்கு உழைத்தே அவர் வாழ்ந்தார். 1964இல் நவீன கலை அரும்பொருளகம் அவருக்கெனத் தனிக் கண்காட்சி நடத்தியபோது அவருக்கு வயது எழுபது.

1977இல் எலிசபெத் மறைந்தார். நாற்பதாண்டுகளுக்கு மேற்பட்ட இல்லறம் முடிந்தது, முதியவர் தனித்தார். பின்னர் ஒருநாள், கடையொன்றின் சன்னலிற் கண்ட சிறு கண்ணாடிச் சிலை மனைவியின் கழுத்தையும் தோளையும் அவருக்கு நினைவூட்டியது. அதனை வாங்கி வந்து, வாஷிங்டன் சதுக்கத்தை நோக்கிய தமது வீட்டுச் சன்னலிலே வைத்தார்.

அதனைப் படம்பிடிக்க அவர் கையாண்டது, 1972இல் வெளிவந்த போலரோயிட் எஸ்எக்ஸ்-70 என்னும் உடனடிக் கமெரா. விசையை அழுத்தியதும் அட்டை வெளிவரும். சில நிமிடங்களில் வண்ணப்படம் கண்ணெதிரே மெல்லத் துலங்கும். இருட்டறை வேண்டா. ஆயின் எதிர்ப்படமும் இல்லை. ஒவ்வொரு படமும் ஒன்றேயொன்றாம். விளையாட்டுப் பொருளெனப் பலர் கருதிய அக்கருவி, கறுப்பு வெள்ளையிலே புகழ் நாட்டிய கலைஞருக்குப் புதிய மொழியாயிற்று.

காலை ஒளியிலும் மாலை ஒளியிலும் அச்சிலையை இடமாற்றி வைத்துப் பார்த்தார். ஊடுருவிய ஒளியிலே வானமும் நகரத்துக் கட்டடங்களும் அதனுள் வளைந்து நின்றன. நீரிலும் ஆடியிலும் அன்று அவர் தேடிய நெளிவே இது. அன்று அது கண்ணின் வியப்பு. இன்றோ பிரிவின் துயர். அப்படங்கள் 1981இல் நூலாயின.

1985 செப்டெம்பர் 28ஆம் நாள் கேர்ட்டேஸ் காலமானார். துயரை அவர் மறக்க முயலவில்லை. அதனை நாள்தோறும் ஒளியிலே வைத்து நோக்கினார். கருவி எளியது, நோக்கிய கண்ணோ பெரியது.