புண்ணை ஆற்றும் பொருளைக் கண்ட டாக்டர் சுப்பாராவ்

ஆரணியை அடுத்த சேவூரில் பட்டு நெய்பவரின் விரலில் கத்தி பட்டுவிடுகிறது. சில நாளில் கீறல் மூடிக்கொள்கிறது. அவர் மறுபடி தறியில் உட்காருகிறார்.

கீறலை மூடியது யார்? அக்கம்பக்கத்துத் தோல் செல்கள்தான். அவை நகர்ந்து வந்து இடைவெளியை அடைத்தன. அவற்றைக் கிளப்பிவிடும் பொருள்களில் ஒன்று ஏ.டி.பி. அதைக் கண்டவர்களில் ஒருவர், சென்னையில் படித்த டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

கதர் அங்கி

1895-ல் ஆந்திரத்துப் பீமவரத்தில் பிறந்தார். வீட்டில் வறுமை. மூன்றாம் முறை எழுதித்தான் மெட்ரிகுலேஷன் தேறினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் படிக்க மாமனார் உதவினார்.

காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதர் அங்கி அணிந்தார். ஆங்கிலப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை, எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது.

அண்ணனும் தம்பியும் ஸ்புரூ என்ற குடல் நோயால் அடுத்தடுத்து மாண்டார்கள்.

அமெரிக்காவில்

1923-ல் மனைவியை ஊரில் விட்டு அமெரிக்கா போனார். ஆஸ்பத்திரியில் எடுபிடி வேலை பார்த்துக்கொண்டே ஹார்வர்டில் ஆராய்ந்தார். 1929-ல் அவரும் பிஸ்கேயும் ஏ.டி.பி.யைக் கண்டுபிடித்தார்கள். அதே ஆண்டு ஜெர்மனியில் லோமனும் கண்டார். செல்லுக்குச் சக்தி தரும் பொருள் அது.

ஆயினும் ஹார்வர்டில் நிரந்தரப் பதவி கிட்டவில்லை. 1940-ல் லெடர்லே கம்பெனிக்குப் போனார். அங்கே அவருடைய குழு போலிக் அமிலத்தைச் செயற்கையாகச் செய்தது. சகோதரர்களைக் கொன்ற ஸ்புரூவுக்கு அது மருந்தாயிற்று. யானைக்கால் நோய்க்கான ஹெட்ரசானும் அங்கேதான் பிறந்தது.

1948 ஆகஸ்டில், தூக்கத்திலேயே உயிர் பிரிந்தது. வயது 53. தாய்நாட்டுக்கு அவர் திரும்பவே இல்லை.

கால்சியம் அலை

ஏ.டி.பி.க்கு இன்னொரு வேலையும் உண்டென்று பிற்காலத்தில் தெரிந்தது. செல் கிழிந்தால் அதிலுள்ள ஏ.டி.பி. வெளியே சிந்துகிறது. பக்கத்துச் செல்லின் மேல் படுகிறது. உடனே அந்தச் செல்லுக்குள் கால்சியம் அளவு ஏறுகிறது. இந்த ஏற்றம் செல்லுக்குச் செல் அலைபோலப் பரவுகிறது. செல்களின் மேலே ஒட்டியிருக்கும் வளர்ச்சிக் காரணி என்ற புரதமும் விடுபடுகிறது. அது செல்லைத் தூண்ட, செல் நகரத் தொடங்குகிறது. கண்ணின் மேல்படலத்துச் செல்களைக் கீறிப் பார்த்த விஞ்ஞானிகள் இதைத் தெளிவாகக் கண்டார்கள்.

சுப்பாராவ் இதை அறிய வாழ்ந்திருக்கவில்லை. 1995-ல் இந்தியா அவருக்குத் தபால்தலை வெளியிட்டது. உயிரோடு இருந்தபோது கிடைக்காத பெருமை அது. ஆனால் நம் உடம்பில் ஒவ்வொரு கீறல் ஆறும்போதும் அவர் கண்ட பொருள் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது.