நாணும் நோய்க்கும் தமிழ் தந்த வைத்தியர்

வைத்தியரிடம் சொல்ல நாணும் நோய்கள் சில உண்டு. அவற்றைச் சொல்வதற்குத் துணிவு மாத்திரம் போதாது. தாய்மொழியிலே தக்க சொல்லும் வேண்டும். அச்சொற்களை யாழ்ப்பாணத்தார்க்கு ஈட்டித்தந்த பெருந்தகை வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் ஆவர்.

அமெரிக்க நாட்டின் வூஸ்ரர் நகரில் 1822ஆம் ஆண்டு பிறந்த கிறீன், அமெரிக்க மிஷனைச் சார்ந்து 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மறு ஆண்டு மானிப்பாயில் நிலைகொண்டு, நோயாளரைப் பேணியதோடு உள்ளூர் இளைஞர்க்கு வைத்தியமும் கற்பித்தார். தொடக்கத்தில் பாடம் ஆங்கிலத்தில் நடந்தது. ஆங்கிலம் கற்றோர் அரசாங்க உத்தியோகத்தை நாடிச் செல்லக் கண்ட அவர், கிராமத்து மக்களுக்குக் கிராமத்திலேயே வைத்தியர் வேண்டுமெனக் கருதி, 1864 முதல் தமிழிற் கற்பிக்கலானார்.

அதற்கு நூல்கள் வேண்டுமல்லவா? பிரசவ வைத்தியம் 1857இலும், இரண வைத்தியம் 1867இலும், மனுஷ அங்காதிபாதம் 1872இலும் வெளிவந்தன. கலைச்சொல் தேடுங்கால் முதலில் தமிழையும், அடுத்து வடமொழியையும் நாடினார். அங்கும் கிடையாவிடின் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலிக்கு இசைவித்தார். உடற்கூற்று நூல் செய்பவன் மறைவுறுப்புக்களைப் பெயரிடாது விடுதல் இயலாது. கூச்சத்துக்கு இடமின்றி அறிவுக்கு இடம் வகுப்பதே அத்தொழில்.

தமிழாசிரியனாகிய யான் இப்பணியின் அருமையை இன்றும் உணர்கின்றேன். பிறப்புறுப்பில் நீர்க்கொப்புளமாய் எழுந்து, புண்ணாகி ஆறி, மீண்டும் தோன்றக்கூடிய ஹேர்ப்பிஸ் நோயை எண்ணிப் பாருங்கள். அதன் வைரஸ் நரம்பணுக்களில் ஒளிந்து கிடப்பதால், அதை அடியோடு அகற்றும் மருந்து இல்லை. ஆயினும் அசைக்குளோவிர் போன்ற மருந்துகளைக் காலந்தாழ்த்தாது உட்கொள்ளின் நோவு குறையும், புண் விரைந்து ஆறும். அடிக்கடி வருவோர் வைத்தியர் சொற்படி நாள்தோறும் உட்கொள்ளின், மீண்டும் வருதலும் துணைக்குத் தொற்றுதலும் குறையும். புண் இல்லாதபோதும் நோய் தொற்றலாம். ஆணுறை அதனைக் குறைக்குமேயன்றி முற்றாகத் தடுக்காது. மகப்பேற்றை அண்மித்த காலத்தில் தாய்க்கு இந்நோய் புதிதாகத் தொற்றின், சிசுவின் உயிருக்கே கேடு நேரலாம். அவள் வாய்திறந்து சொன்னாலன்றோ வைத்தியர் காப்பது எங்ஙனம் என ஆராய்வார்? மறைத்துக் கைம்மருந்து பூசுவதாற் பயனில்லை.

1873இல் தாயகம் மீண்ட பின்னரும் கிறீன் தமிழ் நூற்பணியை விட்டாரல்லர். 1884இல் மறையுமட்டும் அதில் ஈடுபட்டிருந்தார். அவர் பயிற்றிய வைத்தியர் அறுபதின்மருக்கு மேற்பட்டோர். மறைவுறுப்பின் பெயர் பாடத்தில் வரும்போது நகைப்புக்கு இடங்கொடாது, பிற சொற்களைப்போலவே அதனையும் கற்பித்தல் ஆசிரியராகிய நம் கடன். அப்பெரியார்க்கு நாம் செலுத்தும் நன்றியும் அதுவே.