மைக்கேல் பரடே (1791–1867)

மாணவர்களே, மின்பகுப்பு வினாவுக்கு விடையெழுதும்போது அனோட்டு, கதோட்டு, அயன் என்று எழுதுகிறீர்கள் அல்லவா? வில்லியம் ஹூவெல் என்ற அறிஞரின் ஆலோசனையுடன் 1834 இல் இச்சொற்களை வழக்குக்குக் கொண்டுவந்த பரடே, பாடசாலையில் அதிகம் படிக்காதவர்.

இலண்டனை அடுத்த நியூவிங்டனில் ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்த அவர், 14 வயதில் புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகச் சேர்ந்தார். கட்ட வந்த நூல்களையே படித்தார். 1812 இல் இரசாயனவியலாளர் ஹம்பிரி டேவியின் விரிவுரைகளைக் கேட்டுக் குறிப்பெடுத்து, அவற்றைத் தம் கையாலேயே நூலாகக் கட்டி அவருக்கு அனுப்பினார். அடுத்த ஆண்டே றோயல் நிறுவகத்தில் டேவியின் உதவியாளரானார்.

1831 இல் அவர் கண்டறிந்த மின்காந்தத் தூண்டலை நீங்கள் அறிவீர்கள். பின்னர் வந்த மின்பகுப்பு விதியைக் கவனியுங்கள்: மின்வாயில் வெளிப்படும் பதார்த்தத்தின் திணிவு, செலுத்தப்பட்ட மின்னேற்றத்துக்கு நேர்விகித சமம். அதாவது, மின்னை அளந்தால் பதார்த்தத்தையும் அளக்கலாம்.

1839 அளவில் தலைச்சுற்றும் ஞாபகமறதியும் அவரை வாட்டத் தொடங்கின. சில ஆண்டுகள் ஆய்வையே குறைக்க நேர்ந்தது. ஆயினும் செய்ததையெல்லாம் இலக்கமிட்டு எழுதும் வழக்கத்தை அவர் விடவில்லை. அக்குறிப்புகள் 16,000 ஐத் தாண்டின.

அறுபது வயது கடந்தபின் பொன்னை ஆராய்ந்தார். பொன் குளோரைட்டுக் கரைசலைப் பொசுபரசினால் தாழ்த்தியபோது மாணிக்கச் சிவப்பான திரவம் கிடைத்தது. அதனூடே ஒளிக்கற்றையைச் செலுத்தினார். கற்றையின் பாதை தெரிந்தது. எனவே பொன் கரைந்திருக்கவில்லை, கண்ணுக்குத் தெரியாத துணிக்கைகளாக மிதக்கிறது என 1857 இல் விளக்கினார். இன்று இவற்றை நனோ துணிக்கைகள் என்கிறோம். (புதிய மூலகம் என்று எழுதிவிடாதீர்கள். பொன் பொன்தான்!)

இவ்விரு ஆய்வுகளும் இன்று ஒரே கருவியில் சேர்ந்துள்ளன. ஐதரசன் பரவொட்சைட்டை 1818 இல் பிரான்சில் கண்டறிந்தவர் தெனார். அதன் அளவை அறிய, பொன், வெள்ளி அல்லது பிளாட்டினத்தின் நனோ துணிக்கைகள் பூசிய மின்வாயைப் பயன்படுத்துகின்றனர். பரவொட்சைட்டு மூலக்கூறுகள் அம்மேற்பரப்பில் இலத்திரன்களை ஏற்கும் அல்லது இழக்கும். அப்போது பாயும் மின்னோட்டம் செறிவைக் காட்டும். துணிக்கை சிறிதாகும்போது அதே திணிவுக்கு மேற்பரப்பளவு கூடும். அதனால் மிகச் சிறிய செறிவும் அகப்படும். குளுக்கோசு ஒட்சிடேசு என்னும் நொதியம் குளுக்கோசுடன் தாக்கமுறும்போது பரவொட்சைட்டு உண்டாவதால், குருதியிலுள்ள வெல்லத்தை அளக்கவும் இம்முறை உதவுகிறது.

பரடே 1867 ஓகஸ்ட் 25 இல் ஹம்ப்டன் கோட்டில் காலமானார். அவர் தயாரித்த பொன் திரவம் உள்ள போத்தல்கள் சில றோயல் நிறுவகத்தில் இன்றும் இருக்கின்றன. நிறம் இன்னும் சிவப்புத்தான்.